ஓய்வுநாள் கட்டளையில் அம்மா எங்கே இருக்கிறாள்?

பாளைவாசி (ஞாயிறு, இரவு 10.40)

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு வணக்கம். வெகுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

இன்று காலை எங்கள் சபையில் திருவிருந்து ஆராதனை. போதகர் பத்துக் கற்பனைகளையும், அதாவது பத்துக் கட்டளைகளையும், ஒவ்வொன்றாக வாசித்து, ஓய்வுநாளைப் பரிசுத்தமாய் ஆசரிக்கச் சொல்லும் நாலாம் கற்பனைக்கு வந்தார். அதைக் கைக்கொள்ளும்படி எங்கள் இருதயத்தை ஏவ வேண்டும் என்று சபையார் எல்லோரும் மறுமொழி சொன்னோம். என் வாயும் சொன்னது. மனமோ, விடியற்காலையில் குக்கரில் வேகவைத்து இறக்கிய கறிக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: வாரத்தின் ஏழு நாட்களில் நான் மிக அதிகமாக உழைக்கும் நாள் இதுதான்.

நான் பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகள்; மாமியாரும் எங்களோடு இருக்கிறார்கள். மற்ற நாட்களில் ஐந்து மணிக்கு எழுந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கே எழ வேண்டும். காலைக்கு இட்லி, மதியத்துக்குக் கறிக்குழம்பு, அவர் வேட்டி சட்டைக்கு இஸ்திரி, சின்னவளுக்குத் தலைசீவல், பெரியவனுக்கு ஓய்வுநாள் பாடசாலை மனப்பாட வசனம், எல்லோருக்கும் காணிக்கைக் கவர் என்று எட்டு மணிக்குள் ஓடி முடித்து, கோவிலில் போய் உட்கார்ந்தால் பிரசங்கத்தின் நடுவே கண் சொருகுகிறது. ஆராதனை முடிந்ததும் யாராவது ஓர் உறவினர் வீட்டுக்கு வருவார்கள். மூன்று மணிக்குப் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம். இரவில் மறுநாளுக்கு மாவு ஆட்டி, பிள்ளைகளின் சீருடையை எடுத்துவைத்துப் படுக்கும்போது பதினொன்று.

வீட்டுக்கு வந்ததும் யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தை எடுத்து நிதானமாக வாசித்தேன். நீ, உன் குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், உன் வாசல்களில் இருக்கிற அந்நியன் வரையில் எல்லோரும் அந்த வசனத்தில் இருக்கிறார்கள். மாட்டுக்குக்கூட ஓய்வு சொல்லப்பட்டிருக்கிறது. மனைவி என்ற சொல் இல்லை. இதை விளையாட்டாகக் கேட்கவில்லை. அம்மாவுக்கு ஓய்வுநாள் உண்டா? உண்டென்றால், அதை அவளுக்குக் கொடுக்க வேண்டியது யார்?

மூத்தவள் (ஞாயிறு, இரவு 11.25)

மகளே, உன் பதிவைப் படித்தபோது என் முப்பது வயது கண்முன் வந்து நின்றது. நான் போதகரின் மனைவி. ஒன்பது சேகரங்களில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைப் பகுதிகளில், குடியிருந்தவள். ஊருக்கு அவர் ஐயர், நான் ஐயரம்மா. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் உலை கொதித்துக்கொண்டேதான் இருக்கும். வெளியூரிலிருந்து வரும் உபதேசியார், பாடகர் குழுவில் பசியோடு நிற்கும் பையன், ஜெபத்துக்கு என்று வந்து சாப்பாட்டு வேளை வரையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் என்று யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. அதை நான் சுமையாக எண்ணவும் இல்லை.

பேதுருவின் மாமியை நினைத்துப்பார். ஜெப ஆலயத்தை விட்டு வந்த அதே ஓய்வுநாளில்தான் ஆண்டவர் அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார், ஜுரம் நீங்கியது, உடனே அவள் அவர்களுக்குப் பணிவிடை செய்தாள். ஆண்டவர் அதைத் தடுக்கவில்லையே. அன்போடு செய்யும் பணிவிடையும் ஆராதனைதான் என்பது என் அனுபவம். வேலையைக் குறைப்பதைவிட, முறுமுறுப்பைக் குறைப்பதில்தான் இளைப்பாறுதல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாக எடுத்துக்கொள்ளாதே.

பெரோயா பட்டணத்தான் (திங்கள், காலை 6.15)

சகோதரி கேட்டதில் ஒரு திருத்தம் தேவை. எபிரெய மூலத்தில் “நீ” என்பது ஆண்பால் ஒருமையில் வருகிறது என்பது உண்மைதான். ஆனால் பத்துக் கற்பனைகள் முழுவதும் அந்த வடிவத்தில்தான் இருக்கின்றன. களவு செய்யாதிருப்பாயாக என்பது பெண்களுக்குப் பொருந்தாது என்று யாரும் வாதிடுவதில்லை. ஆகையால் மனைவி பட்டியலில் விடுபடவில்லை. வீட்டின் தலைவனோடு சேர்த்து “நீ” என்பதற்குள்ளேயே நிற்கிறாள் என்று கொள்வதே முறை.

இரண்டாவதாக, நாம் மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவர்கள் அல்லர். ஓய்வுநாட்களைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக என்று கொலோசெயர் 2:16 சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்பது உயிர்த்தெழுதலின் நாள். பழைய ஏற்பாட்டு ஓய்வுநாளை அப்படியே அதன்மேல் ஏற்றுவது பிற்காலத்து வழக்கம். 321-ஆம் ஆண்டில் கான்ஸ்டன்டைன் பேரரசர் ஞாயிறு ஓய்வுக்குச் சட்டம் இயற்றியபோதும், நீதிபதிகளும் நகரவாசிகளும் ஓய்ந்திருக்க வேண்டும் என்றும், உழவர்கள் தங்கள் நிலத்தில் வேலை செய்யலாம் என்றும்தான் விதித்தார். அடுப்பங்கரையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனவே கட்டளை என்ற பெயரால் வீட்டில் ஒரு புதிய சட்டத்தைக் கொண்டுவர வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து.

பாளைவாசி (திங்கள், இரவு 9.50)

அண்ணன் சொன்ன இலக்கண விளக்கத்தை ஏற்கிறேன். அப்படியானால் “யாதொரு வேலையும் செய்யவேண்டாம்” என்பது “நீ”க்குள் நிற்கும் எனக்கும் சேர்த்துத்தானே? வசனத்தில் உள்ளே சேர்த்துக்கொண்டு, வீட்டில் வெளியே நிறுத்துவது எந்த முறை?

ஐயரம்மாவுக்கு: நான் முறுமுறுக்கவில்லை, அம்மா. எனக்குத் தூக்கம் வருகிறது.

வெள்ளிமாலை (செவ்வாய், பிற்பகல் 2.05)

நான் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையைச் சேர்ந்தவள். சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்ற வழக்கை இங்கே கொண்டுவரப் போவதில்லை. அதற்கு இந்தத் தளத்தில் தனி விவாத இழைகள் ஏராளம். நம் பகுதிக்கு அந்த வழக்கும் புதிதன்று. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் சட்டாம்பிள்ளை எனப்பட்ட அருமைநாயகம் 1857-இல் மிஷனரிகளோடு முரண்பட்டுத் தனிச்சபை கண்டபோதே, சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கத் தொடங்கிவிட்டார். நான் சொல்ல வந்தது நாளைப் பற்றி அன்று. அதற்கு முந்தின நாளைப் பற்றி.

எங்களுக்கு ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கி, சனிக்கிழமை சூரியன் மறையும்போது முடிகிறது. வெள்ளிக்கிழமைக்கு ஆயத்தநாள் என்று பெயர். மாற்கு 15-ஆம் அதிகாரத்திலேயே வரும் சொல்தான். அன்று பிற்பகலுக்குள் வீடு கூட்டித் துடைத்து, மறுநாள் உடைகளைத் தேய்த்து, சனிக்கிழமைக்கான சாப்பாட்டைச் சமைத்து, எல்லோரும் குளித்து, பொழுது சாயும்போது பாட்டுப் பாடி ஜெபித்து உட்கார்ந்துவிடுவோம். மறுநாள் அடுப்பில் சூடு காட்டுவதோடு சரி. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த உணவாகிய மன்னாவைப் பற்றிச் சொல்லும் யாத்திராகமம் 16-ஆம் அதிகாரம் சமையல்காரிக்கென்றே எழுதப்பட்டதோ என்று நான் நினைப்பதுண்டு. சுட வேண்டியதைச் சுட்டு, வேவிக்க வேண்டியதை வேவித்து, மீதியை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வைத்தது நாறவும் இல்லை, பூச்சி பிடிக்கவும் இல்லை. நம் ஊரில் அதற்கு அற்புதமும் தேவையில்லை. புளிச்சோறு தாங்கும், மீன்குழம்போ மறுநாள்தான் ருசி.

இதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டுப் பெண்கள் பாக்கியசாலிகள் என்று நினைத்துவிடாதீர்கள். மறைக்காமல் சொல்கிறேன்: கல்யாணமான முதல் எட்டு வருஷம் வெள்ளிக்கிழமையை நினைத்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். சனிக்கிழமையின் வேலை எங்கேயும் போய்விடவில்லை. அப்படியே வெள்ளிக்கிழமையின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாள் வேலையை ஒரே நாளில், அதுவும் சூரியனோடு பந்தயம் வைத்துக்கொண்டு செய்தேன். பாட்டுப் பாட உட்காரும்போது எனக்குக் குரலே எழும்பாது. ஒரு வெள்ளிக்கிழமை குடும்ப ஜெபத்தில் என் மகன் அந்த மன்னாப் பகுதியை வாசித்தான். ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்தவர்கள் “ஜனங்கள்” என்று இருக்கிறது. அவர்களுடைய மனைவிமார் என்று இல்லை. என் கணவர் அதை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து வீடு துடைப்பது அவர் பொறுப்பு, இஸ்திரி மகன் பொறுப்பு. எல்லோரும் இரட்டிப்பாகச் சேர்த்தால்தான் எல்லோரும் மறுநாள் உட்கார முடியும் என்பதை நாங்கள் புரிந்துகொள்ள எட்டு வருஷம் ஆயிற்று.

முத்துநகர் (செவ்வாய், இரவு 8.30)

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். கத்தோலிக்கரான எங்களுக்கு இது மூன்றாம் கட்டளை. எண்ணும் முறைதான் வேறு. ஞாயிறன்று திருப்பலியில் பங்கேற்பதோடு, இறைவழிபாட்டுக்கும் உடல் மன ஓய்வுக்கும் இடையூறாகும் வேலைகளைத் தவிர்க்க வேண்டும் என்று எங்கள் திருச்சபைச் சட்டத்தின் 1247-ஆம் பிரிவு சொல்கிறது. திருப்பலிக்குப் போகாவிட்டால் ஒப்புரவு அருட்சாதனத்தில், அதாவது பாவசங்கீர்த்தனத்தில், சொல்லித் தலைகுனிகிறோம். ஓய்வெடுக்காமல் இருந்ததற்காகவோ, வீட்டிலுள்ள ஒருத்தியை ஓய்வெடுக்க விடாமல் இருந்ததற்காகவோ யாராவது பாவசங்கீர்த்தனம் செய்ததுண்டா? எனக்குத் தெரிந்து இல்லை, நானும் செய்ததில்லை.

இரவுப்பணி (புதன், காலை 9.10)

செவிலியர் பணி. இப்போதுதான் நைட் டூட்டி முடிந்து வந்தேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று மாதத்தில் ஒரு முறை வந்தால் பெரிது. ஓய்வுநாளில் நோயாளியைக் கவனிப்பது தவறில்லை என்பதற்கு நற்செய்தி நூல்களே சாட்சி என்பதால், அதில் எனக்கு உறுத்தல் இல்லை. உறுத்துவது வேறு. மருத்துவமனையில் ஞாயிறு வேலை பார்த்தால், அந்த வாரத்திலேயே வேறொரு நாள் வீக் ஆஃப் எழுதிவிடுவார்கள். ஆலைத் தொழிலாளருக்கும், 2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைத்தான் சொன்னது: ஞாயிறன்று வேலை வாங்கினால் அதற்கு முந்தின மூன்று நாட்களிலோ பிந்தின மூன்று நாட்களிலோ ஒரு முழு நாள் விடுமுறை தர வேண்டும். என் வீக் ஆஃப் அன்று வீட்டில் என்ன நடக்கிறது தெரியுமா? “இன்றைக்கு நீ சும்மாதானே இருக்கிறாய்” என்று பீரோவிலுள்ள துணி எல்லாம் வெளியே வருகிறது. ஓய்வுநாள் ஞாயிறாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டிலுள்ளவர்கள் அதை மதிக்கும் நாளாக இருந்தால் போதும்.

அசனக்காரர் (புதன், இரவு 10.00)

நான் சாயர்புரம் பக்கத்துக்காரன். எங்கள் ஊர்க் கோவிலில் ஆண்டுதோறும் அசனம், அதாவது சபையார் எல்லோரும் கூடி உண்ணும் விருந்து, நடக்கும். முந்தின நாள் இரவே அடுப்பு வெட்டி, விறகு அடுக்கி, அண்டா ஏற்றி, விடிய விடிய ஆக்குவது முழுக்க ஆண்கள்தான். தேங்காய் துருவுவதும், வெங்காயம் உரிப்பதும், ஆட்டுக்கறியைப் பதம் பார்ப்பதும், சோறு வடிப்பதும், பந்தியில் பரிமாறுவதும் நாங்களே. அன்று பெண்கள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். குழம்பில் உப்புக் கூடிற்று என்று என்னிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

இந்த இழையைப் படித்த பிறகு எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆயிரம் பேருக்கு ஆக்கத் தெரிந்த நான், என் வீட்டில் ஐந்து பேருக்கு ஒரு நாளும் ஆக்கியதில்லை. அசனம் கர்த்தருடைய வேலை என்றும், வீட்டுச் சமையல் அவளுடைய வேலை என்றும் எப்போது பிரித்தேன் என்று யோசிக்கிறேன்; யாரும் பிரித்துச் சொன்னதாக நினைவில்லை.

நான் வேலை பார்த்த ஆலையின் சங்கக் கூட்டத்தில் அடிக்கடி ஒரு வரலாறு சொல்வார்கள். பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு வாராந்தர விடுமுறையே இல்லாத காலத்தில், நாராயண் மேகாஜி லோகாண்டே என்பவர் ஆண்டுக்கணக்கில் போராடி, 1890-இல் ஞாயிறு விடுமுறையைப் பெற்றுக்கொடுத்தார். நமக்கு வாரத்தில் ஒரு நாள் கிடைத்தது கேட்டு வாங்கியதால்தான் என்று நானே மேடையில் பேசியிருக்கிறேன். வீட்டில் கேட்க வேண்டியவள் கேட்கவில்லை என்பதற்காகக் கொடுக்காமலே இருந்திருக்கிறேன்.

பெரோயா பட்டணத்தான் (வியாழன், காலை 6.30)

மூன்று நாட்களாக இதே ஆராய்ச்சியில் இருந்தேன். என் முதல் பதிவின் முடிவை ஓரளவு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடுப்பங்கரையைப் பற்றிச் சட்டம் எதுவும் இல்லை என்ற தொனியில் எழுதிவிட்டேன். யாத்திராகமம் 35:3 ஓய்வுநாளில் வாசஸ்தலங்களில் எங்கும் நெருப்பு மூட்ட வேண்டாம் என்று சொல்வதை மறந்துபோனேன். யூதருடைய பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஓய்வுநாளில் விலக்க வேண்டிய வேலைகளாக 39 எண்ணப்பட்டிருக்கின்றன. அவற்றில் முதல் 11, விதைப்பதில் தொடங்கி, மாவு அரைத்து, சலித்து, பிசைந்து, அப்பம் சுடுவதில் முடிகின்றன. அடுத்த 13, ஆட்டுமயிர் கத்தரித்து, கழுவி, நூற்று, நெய்து, தைப்பது வரையிலான துணி வேலைகள். ஆக, 39-இல் பெரும்பகுதி சோறும் துணியும். அடுக்களையும் கொல்லைப்புறமும் அந்தப் பட்டியலின் நடுவிலேயே இருக்கின்றன. இந்தப் பட்டியல் நம்மைக் கட்டுப்படுத்தாது என்பதில் எனக்கு இப்போதும் மாற்றம் இல்லை. ஆனால் “வேலை” என்றால் வயலிலும் அலுவலகத்திலும் செய்வது மட்டுமே என்று வேதத்தின் பெயரால் இனி நான் சொல்ல முடியாது.

இன்னொன்று, வேதத்துக்கு வெளியே. மத்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாகச் செலவிட்ட நேரம் 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். 2024-ஆம் ஆண்டு ஆய்வில் அது 289, 88 என்று ஆகியிருக்கிறது. பெண்களுக்குக் குறைந்த பத்து நிமிடம் ஆண்களிடம் வந்து சேரவில்லை. நமக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. இதை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். “97 நிமிடமா, யார் வீட்டில்?” என்று கேட்டாள்.

கட்டிலோரம் (வியாழன், இரவு 11.50)

எழுதலாமா வேண்டாமா என்று தயங்கியே எழுதுகிறேன். என் மகனுக்குப் பதினான்கு வயது; பிறவியிலேயே மூளை முடக்குவாதம். தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும், ஊட்டித்தான் விட வேண்டும். இரவில் மூன்று முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமையே சமைத்து வைப்பது போல இதை முன்கூட்டிச் செய்து வைக்க முடியாது. வாரத்தில் ஒரு நாள் என்ற பேச்சு எனக்கு எட்டாத பேச்சு.

எங்கள் சபையினர் நல்லவர்கள். மாதம் ஒரு முறை ஏழெட்டுப் பெண்கள் வீட்டுக்கு வந்து, கட்டிலைச் சுற்றி நின்று கண்ணீரோடு ஜெபிக்கிறார்கள். பிறகு நான் போட்டுக் கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டுப் போகிறார்கள். பதினான்கு வருஷத்தில் ஒருவராவது, “நீ உள்ளே போய்ப் படு, மூன்று மணி நேரம் பிள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொன்னதில்லை. அவர்களுக்குத் தோன்றவில்லை, எனக்கும் கேட்க நா எழவில்லை. பதினெட்டு வருஷம் கூனியாயிருந்த ஸ்திரீயை ஓய்வுநாளில் கட்டவிழ்த்ததைப் பற்றி லூக்கா எழுதியதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு முதுகுதான் நினைவுக்கு வருகிறது. அன்று ஆண்டவர் மாட்டைச் சொல்லித்தான் கேட்டார்: ஓய்வுநாளில் உங்கள் எருதைத் தொழுவத்திலிருந்து அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, இவளை அவிழ்க்க வேண்டாமா என்று.

மூத்தவள் (வெள்ளி, காலை 5.20)

கட்டிலோர மகளே, இரவெல்லாம் உன் பதிவு என்னைத் தூங்கவிடவில்லை. இப்படி எத்தனையோ வீடுகளில் நானும் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்திருக்கிறேன். காப்பியும் குடித்திருக்கிறேன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேனா என்பதுகூட நினைவில்லை.

பேதுருவின் மாமியைப் பற்றி முன்பு எழுதினேன். அவள் பணிவிடை செய்தது ஆண்டவர் தூக்கிவிட்ட பிறகு. தூக்கிவிட யாரும் வராத பெண்ணிடம் அந்த வசனத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. நீ எந்த ஊர் என்று எனக்குத் தனிமடலில் எழுது. எனக்கு எழுபத்தொரு வயது. பையனைத் தூக்க முடியாது. ஆனால் பக்கத்தில் உட்கார முடியும், தூக்கக் கூடியவர்களை அழைத்து வரவும் முடியும். அந்தப் பகுதிச் சேகரங்களில் எனக்குத் தெரிந்த பெண்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பாளைவாசி (நான்கு வாரங்களுக்குப் பின், சனி, இரவு 9.15)

இழையைத் தொடங்கிவிட்டுக் காணாமல் போய்விட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் வாரம், கறி எடுப்பதைச் சனிக்கிழமைக்கு மாற்றினோம். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு முந்தின நாள் புளிக்குழம்பும் அப்பளமும். என் கணவர் ரசம் வைத்தார். ரசத்தில் தண்ணீர்தான் தெரிந்தது, ஆனாலும் குடித்தோம். “ஞாயிற்றுக்கிழமை கறி மணக்காத வீடு கிறிஸ்தவ வீடா?” என்று மாமியார் கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. பகல் ஒரு மணிக்குப் படுத்தவள் நாலு மணிக்குத்தான் விழித்தேன். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போகவில்லை; செயலாளர் அக்கா தொலைபேசியில் விசாரித்தார்கள். தூங்கினேன் என்று உள்ளதைச் சொன்னேன். அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சில்லை.

இரண்டாம் வாரம் பரவாயில்லை. மூன்றாம் வாரம் சொல்லாமல் கொள்ளாமல் நாத்தனார் குடும்பத்தோடு வந்தார்கள். எல்லாம் பழையபடி ஆயிற்று. இஸ்திரி யார் பொறுப்பு என்பதில் பெரியவனுக்கும் அவன் அப்பாவுக்கும் இன்னும் வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. வெள்ளிமாலை அக்கா சொன்ன எட்டு வருஷத்தை நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் இதை எழுத வந்த காரணம் வேறு. இன்று மாலை நான் கறியைக் கழுவிக்கொண்டிருந்தபோது, மாமியார் அடுக்களை வாசலில் வந்து நின்றார்கள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து நாற்பத்தாறு வருஷம் ஆகிறது அவர்களுக்கு. முழங்கால் வலியோடு இன்றைக்கும் காய் நறுக்கித் தருவது அவர்கள்தான். ஞாயிறு காலை இட்லி ஊற்றுவதும் அவர்கள்தான் என்பதை, என் முதல் பதிவில் என் வேலைகளை வரிசையாக எழுதியபோது நான் எழுதவே இல்லை. வெகுநேரம் நின்றுவிட்டு, “நாளைக்கு அடுப்புப் பக்கம் நானும் வரவேண்டாம்தானே?” என்று கேட்டார்கள்.

வரவேண்டாம் அத்தை என்றேன். நாளைக் காலை இட்லி ஊற்ற வேண்டியவர் இப்போது கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொண்டிருக்கிறார். மாவு இருக்கும் பாத்திரம் எது என்று மட்டும் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.